யட்சிக்குப் பஞ்சமில்லை: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் பாறசாலை வாசகர் ஒருவர், ‘டிராகுலாவுக்கு முன்னால் இரத்தக் காட்டேரிக் கதை உண்டா?’ என்று கேட்டிருந்தார். டிராகுலா 1897-இல் வெளிவந்தது என்றும், அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அதே டப்ளின் நகரத்துக்காரரான ஷெரிடன் லெ ஃபானு ‘கார்மில்லா’ என்ற குறுநாவலை எழுதிவிட்டார் என்றும், அதில் காட்டேரியும் பெண், அவள் விரும்புவதும் ஒரு பெண்ணையே என்றும், அக்கதையை இக்காலக் கல்லூரி விடுதிக்குக் கொண்டுவந்து 2014-இல் கனடாவில் ஓர் இணையத் தொடர் எடுத்தார்கள் என்றும் நான்கு வரியில் பதில் எழுதினேன். பட்டா மாறுதல் குறித்தும் பழைய பாடல்கள் குறித்தும் மட்டுமே கடிதம் வரும் இந்தப் பக்கத்துக்கு, அந்த நான்கு வரியை முன்னிட்டு கேரளம், ஆந்திரம் என்ற இரண்டு எல்லைகளிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே இம்மாதப் பக்கம் முழுவதும் கார்மில்லாவுக்கே.

கேள்வி: அந்தத் தொடரை நானும் என் அறைத்தோழியும் கைபேசியில் பார்த்து முடித்துவிட்டோம். மூலக் கதையைப் படித்ததில்லை. இரண்டுக்கும் எவ்வளவு தூரம்? – கல்லூரி மாணவி, களியக்காவிளை

மூலக் கதை ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதியில், காட்டின் நடுவே தனித்து நிற்கும் ஒரு கோட்டையில் நடக்கிறது. கதை சொல்லும் லாராவுக்கு அப்போது 19 வயது, தாய் இல்லை, தந்தை ஆஸ்திரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலேயர். ஒரு நிலா மாலையில் கோட்டை வாசலுக்கு அருகே ஒரு குதிரை வண்டி கவிழ்கிறது. வண்டியிலிருந்து இறங்கிய சீமாட்டி, மயங்கிக் கிடக்கும் தன் மகளை அங்கே விட்டுவிட்டு, தள்ளிப்போட முடியாத பயணம், மூன்று மாதத்தில் திரும்பி வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போய்விடுகிறாள். அந்த மகள்தான் கார்மில்லா. பிற்பகலுக்கு முன் அறையை விட்டு வெளியே வரமாட்டாள். வந்தால் ஒரு கோப்பை சாக்லேட் பானத்தோடு சரி. இரவில் கதவை உட்புறம் பூட்டிக்கொள்வாள். கிராமத்துச் சவ ஊர்வலத்தின் பாட்டைக் கேட்டால் முகம் கறுத்து உடல் நடுங்குவாள். ஊரில் இளம்பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இறக்கிறார்கள். லாராவும் மெலிகிறாள். பிறகு, தன் வளர்ப்புப் பெண்ணை இதே விதமாகப் பறிகொடுத்த தளபதி ஒருவர் வருகிறார்; பாழடைந்த தேவாலயத்தில் கல்லறையைத் திறக்கிறார்கள்; மார்பில் மரமுளை அடித்து, தலையை வெட்டி, எரித்து, சாம்பலை ஆற்றில் விடுகிறார்கள்.

தொடரில் லாரா இதழியல் மாணவி. அறைத்தோழி காணாமல் போகிறாள், அந்தக் கட்டிலுக்குக் கார்மில்லா வருகிறாள். முதல் பருவத்தின் 36 பகுதிகளும் ஏறக்குறைய ஒரே அறையில், மேசை மேல் இருக்கும் கணினியின் கேமராவுக்கு முன்னால் நடப்பதாகவே எடுக்கப்பட்டன. செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடாகவும் இருக்கலாம். ஆனால் மறுகூறலின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மூலத்தில் லாராவுக்கு என்ன நோய் என்பது லாராவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மருத்துவர் அவள் கழுத்துக்குக் கீழே இருக்கும் சிறிய நீலத் தழும்பைப் பார்க்கிறார், தந்தையைத் தனியே அழைத்துப் பேசுகிறார், மகளிடம் ஒன்றும் சொல்வதில்லை. தொடரிலோ கேமராவை இயக்குபவளே லாரா. அவளுக்குத் தெரியாமல் அவளைப் பற்றி யாரும் கூடிப் பேச முடியாது.

இன்னொரு மாற்றம் தாயைப் பற்றியது. லெ ஃபானுவின் கதையில் மகளை வாசலில் விட்டுப் போன அந்தச் சீமாட்டி கடைசி வரை திரும்பி வருவதில்லை, அவள் யார் என்ற விளக்கமும் இல்லை, தண்டனையும் இல்லை. அந்த ஓட்டையைத் தொடர் எழுதியவர்கள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவளே அந்தத் தாய் என்றும், மகளைத் தூண்டில் புழுவாகப் பயன்படுத்துபவள் அவள்தான் என்றும் ஆக்கிவிட்டார்கள். (மூலத்தில் கல்லறையைத் திறக்கும்போது சவப்பெட்டியில் ஏழு அங்குல உயரத்துக்கு இரத்தம் நிற்கும். தொடருக்குப் பணம் கொடுத்தது மாதவிடாய்ப் பஞ்சு விற்கும் ஒரு நிறுவனம். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.)

கேள்வி: அக்காலத்து ஆசிரியர் நட்பைத்தான் எழுதியிருப்பார். அதில் காதலை இக்காலத்தவர் வலிந்து புகுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். தங்கள் கருத்து என்ன? – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செங்கோட்டை

ஐயா, தாங்கள் பாடம் நடத்தியவர் என்பதால், பாடத்தையே முன்வைக்கிறேன். கார்மில்லா லாராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ‘நீ என்னுடையவள், என்னுடையவளாகவே இருப்பாய், நீயும் நானும் என்றென்றும் ஒன்று’ என்று சொல்கிறாள். இதை ஆழ்ந்த நட்பு என்று கூடக் கொள்ளலாம். ஆனால் லாரா என்ன நினைக்கிறாள் என்பதைப் பாருங்கள்: இது தன்னைத் தேடி வந்த இளைஞன் எவனோ பெண் வேடம் பூண்டு வீட்டுக்குள் புகுந்த வேலையோ என்று அவளுக்கே ஐயம் எழுகிறது. தோழியின் அன்பைக் கண்டு எந்தப் பெண்ணுக்கும் இந்த ஐயம் எழாது. வழிபாடு அளவுக்கு வளரும் காதலும், கூடவே அருவருப்பும் தன்னுள் இருந்ததை உணர்ந்ததாக அவளே எழுதுகிறாள். 1871-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆங்கில இதழில் தொடராக வரத் தொடங்கி, 1872-இல் நூலில் இடம்பெற்ற எழுத்து இது. யாரும் பின்னால் வந்து செருகவில்லை.

ஆனால் தங்கள் ஐயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. லெ ஃபானு இந்தக் காதலைச் சொல்லத் துணிந்தது, அதை நோயாகவும் பேயாகவும் ஆக்கிய பிறகுதான். காதலிப்பவள் ஏற்கெனவே இறந்தவள் என்று தீர்மானித்துவிட்டால், அவள் என்ன பேசினாலும் அச்சேற்றலாம் அல்லவா? அதோடு, எழுதும் பேனாவை லாராவின் கையில் கொடுத்தாரே தவிர, முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. மரமுளை அடிக்கப்படும் இடத்தில் லாரா இல்லை. தந்தை, தளபதி, அரச ஆணையத்தின் அதிகாரிகள், காட்டேரி நூல்களைக் கரைத்துக் குடித்த ஒரு வயதான பிரபு ஆகியோர் கூடிச் செய்கிறார்கள். அந்தப் பகுதியைத் தன் தந்தையிடம் இருக்கும் ஆணைய அறிக்கையின் பிரதியைப் பார்த்துத்தான் அவள் எழுதுகிறாள். தன் வாழ்க்கையின் முக்கியமான நாளை அரசாங்க அறிக்கையைப் பார்த்து எழுத வேண்டிய நிலை!

ஆனாலும் ஆசிரியர் கடைசி வரியில் அவளுக்கு ஒரு வழி விட்டிருக்கிறார். பல ஆண்டுகளுக்குப் பிறகும், தனித்து அமர்ந்திருக்கும்போது கூடத்தின் கதவருகே கார்மில்லாவின் மெல்லிய காலடி கேட்பதாகத் தோன்றித் திடுக்கிட்டு எழுவதுண்டு என்று லாரா முடிக்கிறாள். பயத்தோடு எழுந்தாள் என்று எழுதவில்லை. மகிழ்ச்சியோடு என்றும் எழுதவில்லை. 140 ஆண்டுகளுக்குப் பிறகு மறுகூறியவர்கள் எல்லாம் நுழைந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.

கேள்வி: கார்மில்லா, மிர்கல்லா, மில்லார்கா என்று பெயர் எழுத்துகளை மாற்றிப்போட்டு ஏமாற்றுகிறாளாமே. தமிழில் இது நடக்குமா? – வாசகர், சித்தூர்

பாலக்காட்டுச் சித்தூரா ஆந்திரத்துச் சித்தூரா என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். பெயரில் மறைந்து விளையாடுவது நீங்களும் அறிந்த கலை போலும். நடக்கும். கதையில் அவளுக்கு ஒரு விதி உண்டு: எந்தப் பெயரை வைத்துக்கொண்டாலும் தன் இயற்பெயரின் எழுத்துகளில் ஒன்றைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. 1698 என்று ஆண்டு பொறித்த பழைய ஓவியம் ஒன்றைத் துடைத்துப் பார்க்கும்போது மிர்கல்லா என்ற பெயரும், வந்திருக்கும் விருந்தாளியின் முகமும், கழுத்து மச்சம் உட்பட, வெளிப்படுகின்றன. தாளை எடுத்துத் தமிழில் எழுதிப் பார்த்தேன். கா, ர், மி, ல், லா. இந்த ஐந்தையும் வைத்துக் ‘கார்மில்லா’ எழுதலாம்; இதே ஐந்தில் ‘மில்லார்கா’வும் வரும்; கொஞ்சம் நீட்டிச் சொன்னால் ‘மிர்கால்லா’வும் வந்துவிடும். உயிரையும் மெய்யையும் பிரிக்காமல் எழுத்து எழுத்தாகவே இடம் மாற்றிக்கொள்கின்றன. மொழிபெயர்க்க வருபவருக்கு இப்படி ஓர் அதிர்ஷ்டம் எளிதில் வாய்க்காது.

கேள்வி: பெண்ணை விரும்பும் பெண்ணை இரத்தம் குடிப்பவளாகக் காட்டுவது அவர்களை அவமதிப்பதாகாதா? இதைப் போய்ப் புகழ்கிறீர்களே. – வாசகி, கொழிஞ்சாம்பாறை

அவமதிப்பாக இருந்த காலம் மிக நீண்டது. 1930-களிலிருந்து 1970-கள் வரை கார்மில்லாவின் வழியில் வந்த திரைப்படங்களில் பெரும்பாலானவை, அவளை ஆண்களின் கண்ணுக்கு விருந்தாக முதலில் காட்டிவிட்டு, பிறகு ஆண்களின் கையால் கொல்ல வைத்தன. பெண்ணை விரும்பும் பெண் என்றால் இளம்பெண்களை மயக்கிக் கெடுப்பவள் என்ற எண்ணம் பரவுவதற்கு அவை நன்றாக உதவின. தங்கள் கோபம் நியாயமானது.

இதற்கு மறுகூறுபவர்கள் இரண்டு விதமாக மருந்து தேடுகிறார்கள். பல்லைப் பிடுங்கிவிடுவது ஒன்று: கார்மில்லா நல்லவள், சைவக்காரி போன்றவள், உலகம்தான் அவளைப் புரிந்துகொள்ளவில்லை. இப்படிச் செய்தால் அவமதிப்பும் போகிறது, கதையும் போகிறது. பல்லை விட்டுவிட்டு, எதிரே இருப்பவளுக்குக் கண்ணைக் கொடுப்பது மற்றொன்று. கனடாத் தொடர் பெரும்பாலும் இரண்டாவது வழியில் நடக்கிறது. கார்மில்லா அங்கே பெண்களைத் தன் தாயிடம் கொண்டு சேர்த்தவள்தான்; குற்றமற்றவள் அல்ல. லாரா அதைத் தெரிந்துகொள்கிறாள், அவளை நாற்காலியில் கட்டிப்போட்டு விசாரிக்கிறாள், கோபப்படுகிறாள், பிறகும் விரும்புகிறாள். அறிந்து விரும்புவதற்கும் மயங்கிக் கிடப்பதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் இக்காலக் கதை பிறக்கிறது. ஆண்–பெண் காதல் கதைகளில் குற்றமுள்ள நாயகர்களை நாம் எத்தனை பேரை மன்னித்திருக்கிறோம்! பெண்ணை விரும்பும் பெண் மட்டும் கதையில் வருவதற்கு முன் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும் என்பது எனக்குச் சம்மதமில்லை.

தாங்கள் இருப்பது மலம்புழாவுக்கு அருகில். ஆண்களை மயக்கிக் கொல்வதாகச் சொல்லப்படும் பேய்ப்பெண்தான் யட்சி; கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் அணைப் பூங்காவில் செய்துவைத்த அந்தப் பெரிய யட்சி சிலையைப் பார்த்திருப்பீர்கள். ஆடையில்லாமல், காலை விரித்து, முகத்தை வானத்தை நோக்கி உயர்த்தி அமர்ந்திருக்கிறாள். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் கூச்சப்படுகிறார்கள், சிரிக்கிறார்கள். அவளோ அவர்களில் ஒருவரையும் பார்ப்பதில்லை. யாரையும் மயக்க அமராத யட்சியை அங்கேதான் நான் முதன்முதலாகக் கண்டேன்.

கேள்வி: தன் பாலினத்தவரையே விரும்புவதைத் ‘தன்பாலீர்ப்பு’ என்கிறார்களே, இது யார் உண்டாக்கிய சொல்? – வாசகர், குழித்துறை

செய்தித்தாள்கள் பழகிவைத்திருந்த இழிவான சொற்களுக்கு மாற்று வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில், 2022-இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. ‘தன்பாலீர்ப்பு’ அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்த சொல்தான். எனக்கு அதில் பிடித்தது ‘ஈர்ப்பு’ என்ற பகுதி.

கேள்வி: நம் நீலி இருக்க, ஐரோப்பியக் காட்டேரி எதற்கு? – வாசகர், நகரி

நகரியிலிருந்து இந்தக் கேள்வி வருவது மிகவும் பொருத்தம். நீலியின் பழையனூர் தங்களுக்கு அடுத்த ஊர் போலத்தான். திருவாலங்காட்டை ஒட்டி இருக்கிறது. கதை தெரியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவனால் காட்டில் கொல்லப்பட்ட பெண் மறுபிறவியில் பேயுருவான நீலியாகிறாள். அவன் வணிகனாகப் பிறக்கிறான். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுப் போகிறார்’ என்று பழையனூர் வேளாளர் சபையில் கண்ணீர் விடுகிறாள். அவன் எவ்வளவோ மறுத்தும், ‘உனக்கு ஏதும் நேர்ந்தால் நாங்கள் 70 பேரும் உயிர் விடுகிறோம்’ என்று வாக்குக் கொடுத்து அவளோடு இரவு தங்க வைக்கிறார்கள். காலையில் அவன் பிணமாகக் கிடக்கிறான்; 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். ‘நீலிக் கண்ணீர்’ என்று இன்றும் சொல்கிறோமே, அது இந்தக் கண்ணீர்தான்.

இது பழைய கதை என்பதற்குச் சாட்சி வேறெங்கும் தேட வேண்டாம். ஏழாம் நூற்றாண்டில் திருவாலங்காட்டைப் பாடிய ஞானசம்பந்தர் பதிகத்தின் முதல் பாட்டிலேயே இது இருக்கிறது: ‘முனைநட்பாய் வஞ்சப்படுத் தொருத்தி வாணாள் கொள்ளும் வகைகேட் டஞ்சும் பழையனூர்’. முன்னைய நட்பைக் காட்டி, வஞ்சித்து, ஒருத்தி வாழ்நாளைக் கொள்ளும் விதத்தைக் கேட்டு ஊரே அஞ்சுகிறது. ஒரு முறை ‘கார்மில்லா’வைப் படித்துக்கொண்டிருந்தபோது இந்த அடி என் நினைவுக்கு வந்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் கார்மில்லா லாராவை நெருங்குவதும் இதே வழியில்தான். ‘12 ஆண்டுகளுக்கு முன் கனவில் உன் முகத்தைப் பார்த்தேன்’ என்கிறாள். லாராவும் ஆறு வயதில் கட்டிலருகே இவள் முகத்தைக் கண்டு அலறியவள். முன்னைய நட்பு! தேவாரத்தில் ஒரே சொல்லாக இருப்பதை லெ ஃபானு ஓர் அத்தியாயமாக எழுதியிருக்கிறார். நீலியைப் பின்னர் ‘நீலகேசி’ என்ற சமணக் காப்பியம் வாதம் செய்யும் தத்துவவாதியாகவே மாற்றிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுகூறல் நமக்குப் புதிய தொழில் அல்ல.

இப்போது தங்கள் கேள்விக்கு வருகிறேன். தெற்கே நாகர்கோவிலுக்கு அருகில் கள்ளியங்காட்டு நீலி இருக்கிறாள். வில்லுப்பாட்டில் அவள் கதை விடிய விடிய நடக்கும். முப்பந்தலில் இசக்கியம்மன் இருக்கிறாள். வாயில் பிள்ளையைக் கவ்விய இசக்கி உருவங்களையும் தென்னாட்டில் காணலாம், அதே இசக்கியின் சன்னிதியில் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டியிருப்பதையும் காணலாம். மலையாளக் கரையில் ஏழிலைப்பாலை மரத்துக்கு ஒரு யட்சி, கரிம்பனைக்கு ஒரு யட்சி. இவர்களில் ஏறக்குறைய அனைவரும் தேடி வருவது ஆணை. அவள் கேட்பது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு. அவன் போவது அவளோடு. மறுநாள் மரத்தடியில் மிஞ்சுவது நகமும் முடியும். ஆண் செய்த கொடுமைக்கு ஆண் மீது பழி வாங்குவது நம் யட்சிக் கதைகளின் அச்சாணி. யட்சிக்கு நம்மிடம் பஞ்சமில்லை, ஐயா. பஞ்சம் லாராவுக்குத்தான். நள்ளிரவில் வாசலில் நிற்பவளைப் பார்த்து, ‘உள்ளே வா’ என்று சொல்லும் இன்னொரு பெண் நம் கதைகளில் எங்கே? அவளுக்காகத்தான் நான் வெளியே போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: இன்றைக்குச் சட்டம் அனுமதித்துவிட்ட பிறகு இப்படிப்பட்ட கதையில் பயம் எங்கிருந்து வரும்? – வழக்கறிஞர், நெய்யாற்றின்கரை

சட்டம் எவ்வளவு அனுமதித்திருக்கிறது என்பது எனக்கு மேலாகத் தங்களுக்குத் தெரியும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பு உறவு குற்றமல்ல என்றது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் திருமண உரிமை கேட்டவர்களுக்கு அதை வழங்க மறுத்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் நடந்ததுதான் கதாசிரியருக்குப் பயன்படும். 2021-இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்களை, பெற்றோர் கொடுத்த ‘காணவில்லை’ புகாரை வைத்துக் காவல்துறை துரத்தியது. இதைப் புரிந்துகொள்ளத் தனக்கே கல்வி தேவை என்று சொல்லி உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து கேட்ட பிறகே அந்த வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி உத்தரவு எழுதினார். 2022-இல் கேரள உயர் நீதிமன்றம், வீட்டாரால் பிரிக்கப்பட்ட இரண்டு பெண்களை மீண்டும் ஒன்றாக வாழ அனுப்பியது. 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றது. அதுவும் வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்குத்தான்.

ஆக, தளபதி இன்றும் உயிரோடு இருக்கிறார். மரமுளைக்குப் பதிலாகக் கையில் புகார் மனு. கல்லறையைத் திறப்பதற்குப் பதிலாகக் கைபேசியின் இருப்பிடத்தைத் தேடுகிறார். இக்கதையில் கதவு தட்டப்படும்போது வெளியே நிற்பது காட்டேரியாக இருந்தால் நல்லது என்று வாசகர் வேண்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: தங்களுக்கு யட்சியில் நம்பிக்கை உண்டா? – வாசகர், புளியரை

இல்லை. ஆனால் இரவில் யாராவது சுண்ணாம்பு கேட்டால் கையால் கொடுக்கமாட்டேன், கத்தி முனையில்தான் கொடுப்பேன். என் பாட்டி அப்படிச் சொல்லி வளர்த்துவிட்டார்.

கேள்வி: கள்ளியங்காட்டை வைத்து, இரண்டு பெண்கள், ஒருத்தி நீலி என்று ஒரு குறுநாவல் தொடங்கியிருக்கிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். பங்களாவும் மழையும் வௌவாலும் எழுதினால் ஆங்கிலக் கதையின் நகலாகிறது. அவற்றை எடுத்தால் பயம் போய்விடுகிறது. என்ன செய்யலாம்? – எழுத்தாளராக விரும்பும் வாசகி, நாகர்கோவில்

முதலில் பங்களாவை விடுங்கள், அம்மா. லெ ஃபானு கோட்டையை எழுதியது அலங்காரத்துக்காக அல்ல. யாரும் வந்து போகாத இடத்தில் ஒரு பெண் எவ்வளவு தனிமையில் இருப்பாள் என்பதற்காக. அதே தனிமை உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கள்ளியங்காட்டில் இப்போது காடு இல்லை, வீடுகளும் கடைகளும்தான். ஆனால் கணவன் வளைகுடா நாட்டில், மாமியார் படுக்கையில், ஆறு அறை வீட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரே ஒரு விளக்கு எரியும் வீடுகள் உங்கள் தெருவிலேயே இருக்கும். அந்த வீட்டுக்கு மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள் என்று வையுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் என் ஊர் என்கிறாள், எந்த ஊர் என்று சொல்வதில்லை. அவள் பேசும் தமிழில் மலையாளம் எங்கே கலக்கிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்டு எழுதுங்கள். மொழி மாறும் இடத்தில் அவள் வயதும் மாறட்டும். 1956-இல் மாநில எல்லைக் கோடு போட்டு நம்மைப் பிரித்தபோது அவள் எந்தப் பக்கம் நின்றாள் என்று ஒரு முறை வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், வௌவால் வேண்டியதில்லை.

இரண்டாவது, நீலிக்குப் பழி வேண்டாம். பழி இருந்தால் ஓர் ஆண் வந்துவிடுவான், கதை அவனைச் சுற்றத் தொடங்கிவிடும். நீங்கள் மூன்று முறை கிழித்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

மூன்றாவதாக, நகரி வாசகருக்கு எழுதிய பதிலில் லாராவுக்குப் பஞ்சம் என்று சொன்னேன். அதைத் தபாலில் சேர்க்கக் கொடுத்துவிட்ட பிறகு, இரவு படுக்கையில் ஒரு விதிவிலக்கு நினைவுக்கு வந்தது. பதிலைத் திருத்தாமல் உங்களுக்காக வைத்துக்கொண்டேன். கடமற்றத்துக் கத்தனார் கதையைக் கேட்டிருப்பீர்கள். மந்திரம் கற்ற பாதிரியார். தன்னிடம் சுண்ணாம்பு கேட்டு வந்த யட்சியின் உச்சந்தலையில் இரும்பு ஆணியை அறைந்து, அவளைச் சாதாரணப் பெண்ணாக்கி, தன் உறவினரான ஒரு கிழவியின் வீட்டில் வேலைக்கு விட்டுவிடுகிறார். யட்சி பெருக்குகிறாள், துவைக்கிறாள், சமைக்கிறாள். ஊருக்கு அவள் வேலைக்காரி. ஒரு நாள் கிழவி அவளை முன்னால் உட்கார வைத்துத் தலை வாரிவிடுகிறாள். விரல் முடிக்குள் போகிறது. ஏதோ கடினமாக முட்டுகிறது. பிரித்துப் பார்த்தால் ஆணி. ‘ஐயோ, பெண்ணே, இது என்ன?’ என்று பதறி, கிழவி அதைப் பிடுங்கி எடுத்துவிடுகிறாள். யட்சி மறைந்துவிடுகிறாள். பிறகு கத்தனார் துரத்திக்கொண்டு போவதைத்தான் எல்லோரும் நீட்டிச் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தலைவாரும் இடம்தான் கதை.

பாருங்கள், அங்கே மயக்கம் இல்லை, பழி இல்லை. ஒரு பெண்ணின் விரல் இன்னொரு பெண்ணின் முடிக்குள் போகிறது, அவ்வளவுதான். அதற்கு முன் எத்தனை பேர் அந்தப் பெண்ணை வேலை வாங்கினார்கள், ஒருவரும் அவள் தலையைத் தொட்டதில்லை. உங்கள் நாவலில் ஆணியைக் கண்டுபிடிப்பவள் கிழவியாக இல்லாமல், அந்த ஆறு அறை வீட்டுப் பெண்ணாக இருக்கட்டும். திண்ணையில், மாலை வெயிலில், தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு. ஆணி விரலில் தட்டிய உடனே பிடுங்கிவிடக் கூடாது. பிடுங்கினால் இவள் போய்விடுவாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறைந்தது யார் என்று அவள் கேட்கட்டும். கேட்டுவிட்டு, சீப்பைக் கீழே வைக்காமல், சிக்கெடுப்பதை மெதுவாகத் தொடரட்டும். அந்த மாலை ஒரு முழு அத்தியாயம் தாங்கும்; அவசரப்படாதீர்கள். நான்காவது பிரதியைக் கிழிக்கும் முன் எனக்கு அனுப்பி வையுங்கள்.